கொசுவால் செத்த பறவையும் எங்கள் கொம்பன் சுறாவும்

கடற்கரைப் பள்ளிகளில் உயிரினக் கண்காட்சி நடத்தி வரும் குழுவினருக்கும், அதற்கு அனுமதி கொடுத்த அதிகாரிகளுக்கும்,

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தோளில் கிடந்த பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "பாட்டா, நீங்க எத்தனை சுறா கொன்னிருக்கீங்க?"

அவளுக்குப் பத்து வயது. நான் எண்ணி வைத்ததில்லை, அதனால் பதிலும் சொல்லவில்லை. ஏன் மக்ளே கேட்கிறாய் என்றேன். வராந்தாவில் நீங்கள் மாட்டியிருந்த பலகையைப் பற்றிச் சொன்னாள். மறுநாள் வாட்ச்மேனிடம் சொல்லிக் கதவைத் திறக்க வைத்து நானே போய்ப் பார்த்தேன்.

பலகையின் இடப்பக்கம் ஒரு கறுப்புப் பறவை, அதன் கீழே "நான் இனி இல்லை". வலப்பக்கம் வாயைப் பிளந்து பல்லைக் காட்டும் ஒரு சுறா, அதன் கீழே "அடுத்தது நானா?" இரண்டுக்கும் நடுவில் பெரிய தூண்டில் முள் ஒன்று. அடியில் சிவப்பு எழுத்தில் இப்படி ஒரு வரி: "மனிதனின் பேராசை அன்று பறவையை அழித்தது, இன்று மீனவனின் தூண்டில் சுறாவை அழிக்கிறது."

இந்தப் பலகையை எங்கே மாட்டினீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் அப்பன்மார் ஆழ்கடலில் தூண்டில் போடுகிறவர்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று இந்தக் கரை முழுக்க அதுதான் பிழைப்பு. அப்பன் ஒரு மாதமாகக் கடலில் கிடக்கிறான். பிள்ளை பள்ளிக்கூடத்துச் சுவரில் அவனைக் கொலைகாரன் என்று வாசிக்கிறது. இதை வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்க என்னால் முடியவில்லை.

முதலில் சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் கொம்பன் சுறா என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது கொம்பன் அல்ல, சினிமாவில் வரும் பெரிய வெள்ளைச் சுறா. கொம்பனுக்குத் தலை சுத்தியல் மாதிரி இரண்டு பக்கமும் நீண்டிருக்கும், அந்த நீட்டத்தின் நுனியில் கண் இருக்கும். எங்கள் கரையில் நாலு வயசுப் பிள்ளைக்கும் இது தெரியும். என் பேத்தி எழுந்து "இது கொம்பன் இல்ல" என்று சொன்னாளாம். விளக்கம் சொல்ல வந்தவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டாராம். சரி, அவருக்கும் அன்று எத்தனை பள்ளிக்கூடமோ.

நான் பதினான்கு வயதில் கடலுக்குப் போனவன். முதலில் கட்டுமரம், பிறகு வள்ளம். 1986-ல் கொச்சியில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன், அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் போட்டில்தான் வாழ்க்கை, அதில் பாதிக் காலம் டிரைவராக. நான் பிடித்தவற்றில் பெரும்பங்கு சுறா. எனவே இந்தப் பலகையில் வலப்பக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். இடப்பக்கத்துப் பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. என் மகள் தேடிப் படித்துக் காட்டினாள்.

அந்தப் பறவையின் பெயர் கவாய் ஓஓ. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்ற ஒரே தீவில் மட்டும் வாழ்ந்தது. தீவு நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சிறியது, நடுவில் ஓயாமல் மழை கொட்டும் மலை. தேன் குடிக்கும், மரப்பொந்தில் கூடு கட்டும், தொடையில் மட்டும் மஞ்சள் இறகு. அதைக் கொன்றது எது என்று உங்கள் பலகையில் ஒரு வரிகூட இல்லை. முக்கியமாகக் கொன்றது கொசு. அந்தத் தீவுகளில் கொசுவே இல்லாமல் இருந்தது. 1826-ல் ஒரு கப்பலின் தண்ணீரோடு வந்து சேர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு வெளியூர்ப் பறவைகளோடு பறவை மலேரியாவும் வந்தது. வந்த கொசு வேறு எதுவும் இல்லை, நம் ஊர்ச் சாக்கடையில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்புகிறதே, அதே இனம்தான். இதைப் படித்துக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். நமக்குக் காலை வீங்க வைப்பது, அங்கே ஒரு பாட்டையே நிறுத்தியிருக்கிறது.

குளிர்ந்த மலை உச்சியில் கொசு பெருகாது. ஆகவே பறவைகள் மேலே மேலே போய் அலக்காய் என்ற சதுப்புக் காட்டில் ஒதுங்கின. அங்கேயும் எலி முட்டையைத் தின்றது, பன்றி காட்டைக் கிளறியது. 1982 நவம்பரில் ஈவா என்ற புயல் அடித்தது. அதற்குப் பிறகு, மிஞ்சியிருந்த ஒரே ஒரு ஜோடியில் பெண் பறவையைக் காணவில்லை. ஆண் பறவை 1985-ல் கடைசியாகக் கண்ணில் பட்டது, 1987-ல் கடைசியாகக் குரல் கேட்டது. 2023-ல் அமெரிக்க அரசும் அது அழிந்துவிட்டது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஹவாயில் ஓஓ நான்கு வகை இருந்தது. நான்கும் போய்விட்டன, அவற்றின் குடும்பத்திலேயே இன்று ஒரு பறவை இல்லை.

இதில் தூண்டில் எங்கே வந்தது? பேராசை என்று ஒரே சொல்லில் மூடிவிட்டால் பிள்ளைக்குக் கொசுவும் தெரியாது, எலியும் தெரியாது, ஒரு தீவுக்குள் அடைபட்ட உயிரின் கஷ்டமும் தெரியாது.

இன்னொன்று சொல்கிறேன், உங்களுக்கே உபயோகப்படும். சுறாவின் துடுப்பை நாங்கள் பீலி என்போம். மயிலுக்கும் பீலி, சுறாவுக்கும் பீலி. ஹவாயில் அந்தக் காலத்து அரசர்கள் ஓஓ இனங்களின் மஞ்சள் இறகுகளைச் சேர்த்துப் போர்வை செய்து போட்டுக்கொண்டார்களாம். பறவைக்கும் சுறாவுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்றால் இங்கே பார்த்திருக்கலாம். தொண்ணூறுகளில் தோப்பும்படியில் கறிக்கு ஒரு விலை, பீலிக்கு ஒரு விலை. பீலிதான் எங்களை மேலும் மேலும் தூரம் போக வைத்தது. வியாபாரி செட் செட்டாக அடுக்கி எடுத்துப்போவான், அது சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போகும். நாங்கள் ஒருவரும் அந்தச் சூப்பை ருசி பார்த்ததில்லை. பலகையில் பீலி வியாபாரம் என்று எழுதியிருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். பீலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. விற்றவன், வாங்கியவன், ஏற்றுமதி செய்தவன் யாரும் பலகையில் இல்லை. தூண்டில் மட்டும் இருக்கிறது.

சுறா குறைந்துவிட்டது. அதை உங்களைவிட நான் முதலில் சொல்வேன். ஆயிரம் முள் போட்டு விடியக் காலையில் இழுத்தால், ஆரம்பத்தில் கை ஓயும் வரை சுறா வரும். பத்து வருஷம் போனதும் அதே அளவுக்கு மூன்று இரவு போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பலர் சூரை மீன் பிடிக்க மாறிவிட்டார்கள். கொம்பனில் முக்கியமான ஒரு வகை, உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவதற்கு முந்தைய கடைசிப் படிக்கு வந்துவிட்டது என்று மகள் படித்துக் காட்டியபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

ஒரு விடியற்காலையை நான் மறக்கவில்லை. லட்சத்தீவுக்கு மேற்கே கிடந்தோம். முள்ளில் வந்தது பெரிய கொம்பன், பெண். செத்துத்தான் வந்தது. மற்ற சுறா பல மணி நேரம் கழித்தும் துள்ளும், கடிக்க வரும். கொம்பன் அப்படியல்ல, முள்ளில் மாட்டினால் சீக்கிரம் போய்விடும். ஐஸில் போடுவதற்காக வயிற்றைக் கீறினோம். உள்ளே குட்டிகள். ஒவ்வொன்றும் முழ நீளம், சுத்தியல் தலை மட்டும் வெளியே வருவதற்குத் தோதாகப் பின்பக்கம் மடிந்து கிடந்தது. இருபத்து மூன்று. எண்ணியது இது ஒன்றைத்தான், அதனால் சொல்கிறேன். ஒன்றிரண்டு வாயைத் திறந்து மூடின. எங்களோடு வந்த வயதான ஒருவர், அப்போது அவருக்கு அறுபது இருக்கும், ஒன்றும் பேசாமல் அவற்றை இரண்டு கையாலும் அள்ளிக் கடலில் விட்டார். பிழைத்ததோ இல்லையோ. அன்று போட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மத்தியானம் சோறு குறைவாகத்தான் போனது.

கொம்பன் பெண் பருவத்துக்கு வர பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஏறக்குறைய நம் பெண்களைப் போலவே ஒன்பது பத்து மாதம் சுமக்கும். அதுதான் அதன் பலவீனம். ஆனால் ஒரு தீவுக்குள் அடைபட்டதல்ல, உலகத்தின் வெப்பக் கடல் எல்லாவற்றிலும் இருக்கிறது. குட்டியை ஆழம் குறைந்த கரைக்கடலில் விடும். அதாவது கரையில் நின்று இழுக்கும் நம் கரமடி வலையும் சின்ன வலையும் போடும் இடத்தில். ஆகவே பெரிய கொம்பனைக் கொச்சிப் போட்டு பிடிக்கிறது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதை. குட்டிச் சுறா சந்தையில் கூறு கட்டி விற்பதை வாங்கிப் புட்டு அவித்தவர்கள் நாம் எல்லோரும். என் மகள் பேத்தியைப் பெற்றுப் படுத்திருந்தபோது, பால் ஊற வேண்டும் என்று என் மனைவி வாரத்துக்கு இரண்டு நாள் சுறாப்புட்டு செய்தாள். பால் சுறா என்று கேட்டு வாங்கியதுதான். கூறில் கலந்து கிடந்த கொம்பன் குட்டியை அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இன்றும் பார்ப்பதில்லை. பார்க்கலாமே என்று யாரும் சொல்லித் தரவுமில்லை.

சொல்லித் தருவது பற்றி ஒரு பழைய கதை. 2001 ஜூலையில் சுறா, திருக்கை எல்லாவற்றையும் மொத்தமாக வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலிக்குச் சமமாக, சேர்த்தார்கள். நாங்கள் கடலில் இருந்தோம். ஐஸ் நிறையச் சுறாவோடு திரும்பி வந்தபோது குற்றவாளியாக வந்து இறங்கினோம். ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்டதில்லை. தூத்தூர்க்காரர்கள் மனு கொடுத்து, போராடி, டில்லி வரை போய் வந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் பட்டியலைப் பத்து இனமாகக் குறைத்தார்கள். அந்தப் பத்தில் ஒன்று புதுச்சேரியின் பெயரால் அழைக்கப்படும் சுறா. 1979-க்குப் பிறகு அது உறுதியாகப் பதிவாகவே இல்லையாம். உங்கள் பறவைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டிய படம் அதுதான். அது எப்படி இருக்கும் என்று எங்கள் கரையில் ஒரு ஏலக்கூடத்திலும் படம் நான் பார்த்ததில்லை. நாளைக்கே என் பழைய போட்டில் ஒன்று வந்து விழுந்தால் மற்றதோடு சேர்த்து ஏலம் போட்டுவிடுவார்கள். பிறகு உங்கள் பலகையில் "கடைசிச் சுறாவையும் மீனவன் விற்றான்" என்று எழுதுவீர்கள்.

அந்தப் பறவையின் குரலை வகுப்பில் போட்டுக் காட்டினீர்களாம். பேத்தி போனில் எனக்கும் கேட்க வைத்தாள். புல்லாங்குழல் மாதிரி ஒரு கூவல், நடுவில் ஒரு இடைவெளி, மறுபடி கூவல். அந்த இடைவெளியில் பெண் பறவை பாட வேண்டும், பாட ஆள் இல்லை என்று மகள் சொன்னாள். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். 2017 நவம்பர் 30, ஓகிப் புயல் அடித்த ராத்திரி, கரையில் வயர்லெஸ் செட் இருந்த வீட்டில் நாங்கள் நாற்பது பேர் நின்றோம். பெண்கள் போட்டின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு நிறுத்துவார்கள். இரைச்சல் மட்டும் வரும். மறுபடி கூப்பிடுவார்கள். என் தம்பி மகனின் போட்டிலிருந்து இன்று வரை பதில் வரவில்லை. நான் அதோடு கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அந்தக் குரலைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போடுங்கள். அதன் அர்த்தம் எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம். அதைப் போட்டுவிட்டு அடுத்த நிமிஷம் அவர்கள் அப்பனை நோக்கி விரலை நீட்டியதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

குஜராத்தில் வேறு மாதிரி செய்தார்கள். அங்கே திமிங்கலச் சுறாவை ஈரலெண்ணெய்க்காகக் கொன்று குவித்த காலம் ஒன்று இருந்தது. 2004 வாக்கில் வனத்துறையும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து மீனவரிடம் போனார்கள். மொராரி பாபு என்ற உபன்யாசகர், அது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று பேசினார். வாலி, அதாவது செல்லமானவள், என்று பெயரும் வைத்தார்கள். வலையில் மாட்டினால் வலையை அறுத்து விடு, வலைக்குப் பணம் தருகிறோம் என்றார்கள். பேச்சு மட்டும் இல்லை, பணமும் கொடுத்தார்கள். கொன்ற அதே கை நூற்றுக்கணக்கில் விட்டிருக்கிறது. கொம்பனுக்கு அது அப்படியே பொருந்தாது, முள்ளில் செத்துப் போகும் என்று மேலே சொன்னேன். கொம்பனைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அது முள்ளுக்கே வராத இடமும் நேரமும் தெரிய வேண்டும். அது எங்கே கூட்டமாக நிற்கும், எந்த மாதத்தில் வயிற்றுப் பிள்ளையோடு வரும், எந்த ஆழத்தில் முள் கிடந்தால் மாட்டும் என்பதை நூலில் தேடுவதைவிட எங்கள் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் கிழவர்களைக் கேட்பது சுலபம். ஒருவரும் கேட்டதில்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன் பெருகும் வெட்ஜ் பாங்க் கடல்திட்டுப் பக்கம் எண்ணெய் எடுக்க வட்டாரம் ஏலம் விட்டபோதும் கேட்கவில்லை. அதற்கு மட்டும் ஏன் ஒரு பலகை இல்லை என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியது இவைதான். கண்காட்சி அடுத்து குளச்சல் பக்கம் போவதாகச் சொன்னார்கள். போவதற்கு முன் அந்தச் சிவப்பு வரியை எடுத்துவிடுங்கள். பறவை எதனால் செத்தது என்று கொசு, எலி, காடு, புயல் எல்லாம் வரும்படி எழுதுங்கள். சுறா எதனால் குறைகிறது என்பதிலும் பீலி வியாபாரம், இழுவை வலை, சின்னக் கண்ணி வலை, ஆழ்கடல் தூண்டில் எல்லாம் வரட்டும். எங்கள் பங்கை மறைக்க வேண்டாம், எங்களை மட்டும் நிறுத்தவும் வேண்டாம். படத்தையும் மாற்றுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் உங்களோடு அந்த ஊர் மீனவர் இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள், பேருந்துக் கூலி கொடுத்தால் போதும். என் பேத்தியை உட்காரச் சொன்னவர், அடுத்த முறை வரும்போது அவளை எழுந்து பேசச் சொல்ல வேண்டும்.

அதிகாரிகளிடம் கேட்பது வேறு. பிடிக்கக்கூடாத சுறா, திருக்கை எல்லாவற்றின் படத்தையும், கரையில் நாங்கள் சொல்லும் பெயரோடு, தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் ஏலக்கூடங்களில் நனையாத பலகையில் மாட்டுங்கள். கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் உட்கார்ந்து சுறாவை அளந்து எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி இந்த நாலு இடத்திலும் தினமும் ஒருவர் இருக்க வேண்டும், ஊர்ப் பிள்ளைகளில் படித்தவர்களை அந்த வேலைக்கு எடுக்க வேண்டும். பிடிக்கக்கூடாததை உயிரோடு விடுபவனுக்கு அறுந்த வலைக்கும் தூண்டிலுக்கும் ஈடு கொடுங்கள். குட்டி வரும் மாதங்களில் கரைக்கடலில் எந்த வலை போடக்கூடாது என்பதை ஊர்க் கமிட்டிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். 2001-ல் செய்த மாதிரி நாங்கள் கடலில் இருக்கும்போது செய்யாதீர்கள். இப்போது ஜூன், ஜூலை தடைக்காலத்தில் எங்கள் கரைப் போட்டெல்லாம் கரையில்தான் கிடக்கும். அப்போது கூப்பிடுங்கள்.

பதிலைத் தபாலில் போட வேண்டாம். காலை ஐந்து மணிக்குத் தேங்காப்பட்டணம் ஏலக்கூடத்துக்கு வந்தால் நான் டீக்கடைப் பக்கம் இருப்பேன். கொம்பன் வந்து விழுந்திருந்தால் காட்டித் தருகிறேன், படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தூத்தூர்க் கரையைச் சேர்ந்த பழைய போட்டு டிரைவர் ஒருவன்